பேங்க்ஸ் அவர்களை மீட்டவர் யார்?

நூல்களை முதனூல், வழிநூல், சார்புநூல் எனப் பகுத்துரைத்த நன்னூலார், வழிநூல் செய்வோனுக்கு ஓர் உரிமையும் ஒரு கடமையும் வகுத்தார். தான் வேண்டும் வேறுபாடுகளை அவன் செய்துகொள்ளலாம். மரபு மட்டும் அழிதல் கூடாது. ஏட்டு நூல்களுக்குக் கூறிய இவ்விதி, நூல்கள் திரைப்படங்களாகும் இக்காலத்திற்கும் பொருந்துவதேயாம். ஆயின், எது வேறுபாடு, எது மரபின் அழிவு என்று தீர்ப்பவர் யார்? நூலை ஆக்கியவரா, அதனைப் படமாக்குபவரா? இவ்வினாவையே கதைப்பொருளாகக் கொண்டு 2013ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கிலப் படம் ‘சேவிங் மிஸ்டர் பேங்க்ஸ்’. பேங்க்ஸ் என்பவரை மீட்டல் என்பது அத்தலைப்பின் பொருள்.

‘மேரி பாப்பின்ஸ்’ என்னும் சிறுவர் நூல் 1934இல் வெளிவந்தது. இலண்டனில் வாழும் பேங்க்ஸ் குடும்பத்துப் பிள்ளைகளை வளர்க்கக் காற்றோடு வந்து இறங்கும் ஒரு செவிலியின் கதை அது. அதனை எழுதிய பி. எல். டிராவர்ஸ் அம்மையார் 1899இல் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். ஹெலன் லிண்டன் காஃப் என்பது இயற்பெயர். தம் தந்தையாரின் முதற்பெயராகிய டிராவர்ஸ் என்பதையே பின்னர்த் தம் பெயராகக் கொண்டார். அந்நூலைப் படமாக்கித் தருவதாகத் தம் பெண்மக்களுக்கு வாக்களித்திருந்த வால்ட் டிஸ்னி, அம்மையாரின் இசைவைப் பெற ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முயன்றார். 1961இல் அம்மையார் கலிபோர்னியாவுக்குச் சென்று, திரைக்கதை எழுதுவோருடனும் பாடல் அமைப்போருடனும் அமர்ந்து சொல்லுக்குச் சொல் வாதிட்டார். 1964இல் படம் வெளிவந்து ஐந்து ஆஸ்கார் பரிசுகளைப் பெற்றது.

அந்த வாதங்களைத்தான் இப்படம் காட்டுகிறது. இயக்கியவர் ஜான் லீ ஹான்காக். அம்மையாராக எம்மா தாம்சனும், டிஸ்னியாக டாம் ஹாங்க்சும் நடித்துள்ளனர். கதை இரண்டு இழைகளாக ஓடுகிறது. ஒன்று 1961ஆம் ஆண்டின் அலுவல் அறை. மற்றொன்று 1906ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியச் சிற்றூர் ஒன்றில் அம்மையார் கழித்த இளமை. வங்கி அலுவலரான தந்தை மகளிடம் உயிரையே வைத்தவர்; கற்பனை வளம் மிக்கவர்; குடியால் அழிந்தவர். அவர் நோயுற்றுக் கிடக்கையில், பேரிக்காய் வாங்கி வரச் சென்ற சிறுமி திரும்புமுன் அவர் உயிர் பிரிந்துவிடுகிறது. பல்லாண்டுகள் கழித்து விடுதி அறையில் அழகுற அடுக்கி வைத்த பழத்தட்டில் பேரிக்காயைக் கண்ட அம்மையார், அவற்றைப் பலகணி வழியே வீசி எறிகிறார். முதலில் நமக்குச் சிரிப்பு வருகிறது. காரணம் தெரிந்தபின் நெஞ்சு கனக்கிறது.

பிள்ளைகள் ஆசையோடு எழுதிய தாளைத் தந்தை கிழித்து அடுப்பிலிடும் காட்சியை எழுத்தாளர்கள் நடித்துக் காட்டும் இடமும் சிறந்தது. பேங்க்சை ஏன் இத்துணைக் கொடியவராக்கினீர்கள் என்று அம்மையார் கலங்குகிறார். தந்தையை மீண்டும் ஒருமுறை கைவிட்டுவிட்டதாகவே அவர் உணர்கிறார். எழுத்தாளர்கள் கதையை மாற்றி, முறிந்த பட்டத்தைத் தந்தையே சீர்செய்து பிள்ளைகளோடு பறக்க விடுவதாக அமைக்கிறார்கள். நூலாசிரியரின் வேதனை வழிநூலைச் செம்மை செய்த இடம் இது. எம்மா தாம்சனின் நடிப்பு ஒன்றுக்காகவே படத்தைக் காணலாம்.

ஆயினும் இதன் நடுவே ஒரு பெருங்குறை உண்டு. அம்மையாரின் மறுப்புகளையெல்லாம் இலக்கியத் தீர்ப்பாகக் கொள்ளாமல், ஆறாத மனப்புண்ணின் அடையாளங்களாகவே படம் கொள்கிறது. புண்ணைக் கண்டறிந்து ஆற்றும் மருத்துவர் டிஸ்னி. ஆறியபின் கையெழுத்து இடுபவர் அம்மையார். இதற்காக, டிஸ்னி இலண்டனுக்கே பறந்து சென்று அவர் வீட்டில் அமர்ந்து மனத்தை மாற்றியதாக ஒரு காட்சி புனையப்பட்டுள்ளது.

இறுதிக் காட்சியைக் காண்க. 1964இல் படம் முதன்முதலாகத் திரையிடப்படுகையில் அம்மையார் கண்ணீர் விடுகிறார். டிஸ்னி ஆறுதல் கூறுகிறார். கார்ட்டூன் படங்கள் தமக்குப் பொறுக்கவில்லை, அதனால்தான் அழுகிறேன் என்கிறார் அவர். அரங்கில் இருப்போர் நகைக்கின்றனர். உண்மையை மறைக்க அவர் சொல்லும் சாக்கு என்று கொள்கின்றனர். வரலாறோ வேறு. கார்ட்டூன் பகுதிகளை அவர் மெய்யாகவே வெறுத்தார், திரையீட்டுக்குப் பின்னும் அவற்றை நீக்குமாறு டிஸ்னியிடம் கேட்டார், டிஸ்னி இணங்கவில்லை. படத்தால் அம்மையார் செல்வரானார் என்பது உண்மை. மனக்குறை தீர்ந்தது என்பது உண்மையன்று. பிற்காலத்தில் அக்கதையை மேடை நாடகமாக்க இசைந்தபோதும், திரைப்படத்தில் பணியாற்றியவர் எவரும் அதன் ஆக்கத்தில் பங்கு பெறலாகாது என்று அவர் விதித்தார். அவர் சொன்ன உண்மைக் காரணத்தையே எடுத்து நகைச்சுவையாக்கிவிட்டது இப்படம்.

அவர் காக்க முயன்ற மரபுதான் யாது? நூலைப் படித்தோர் அறிவர். அதில் பேங்க்ஸ் குடும்பத்தின் மூத்த பிள்ளைகளோடு ஜான், பார்பரா என்னும் இரட்டைக் குழந்தைகளும் உண்டு. காற்றும் வெயிலும் பறவையும் பேசுவது தொட்டிலில் கிடக்கும் அவ்விருவருக்கும் விளங்குகிறது. பல் முளைத்ததும் அம்மொழி மறந்துபோகிறது. பேசப் பழகிய பறவை கலங்கிப் பறந்து செல்கிறது. 1964ஆம் ஆண்டுப் படத்தில் இரட்டையர் இல்லை; ஆகவே இந்த அரிய பகுதியும் இல்லை. நூலில் வரும் மேரி பாப்பின்ஸ் கடுமையும் செருக்கும் உடையவள். நேர்ந்த விந்தைகளை அவள் விளக்குவதில்லை. நடந்ததாகவே ஒப்புக்கொள்வதும் இல்லை. விளக்காமையே அந்நூலின் உயிர். 2013ஆம் ஆண்டுப் படமோ எல்லாவற்றையும் விளக்குகிறது: பேங்க்ஸ் யார், செவிலி யார், எழுதிய காரணம் என்ன என்று ஒவ்வொன்றுக்கும் விடை தருகிறது. ஒரு கற்பனையை ஒரு சிறுமியின் துயரமாகச் சுருக்குவது, ஆசிரியரை அறிந்துகொள்வது ஆகாது.

இப்படத்தை எடுத்ததும் டிஸ்னி நிறுவனமே என்பதை நாம் மறத்தலாகாது. வாதத்தில் வென்ற தரப்பே வாதத்தின் வரலாற்றையும் எழுதியிருக்கிறது.

இதனை எழுதும் யானும் குற்றமற்றவன் அல்லேன். பல்லாண்டுகளுக்கு முன், எங்கள் தோட்டப்பள்ளி ஆண்டுவிழாவுக்காகத் துயரத்தில் முடியும் ஒரு கதையை நாடகமாக்கினேன். பெற்றோர் மகிழவேண்டும் என்று முடிவை இன்பமாக மாற்றினேன். கைதட்டல் மிகுதியாகவே கிடைத்தது. மறுநாள் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி நூலகத்திலிருந்து அக்கதை நூலை எடுத்து வந்து, “ஐயா, இதில் அந்தப் பெண் இறந்து போகிறாளே! நாம் ஏன் பொய் சொன்னோம்?” என்று கேட்டாள். மேடைக்கு ஏற்ற மாற்றம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவ்விடை அவளுக்கு நிறைவு தரவில்லை, எனக்கும் தரவில்லை. மாற்றியது பிழையன்று, மாற்றினேன் என்பதை மேடையில் சொல்லாததே பிழை என்று இன்று எண்ணுகிறேன்.

அந்நேர்மை இப்படத்தின் முடிவில் சிறிது உண்டு என்பதையும் கூறவேண்டும். 1961ஆம் ஆண்டு உரையாடல்களை ஒலிநாடாவில் பதிவு செய்ய வேண்டும் என்று அம்மையார் வற்புறுத்தியிருந்தார். கலைஞர் பெயர்கள் திரையில் ஓடும்போது அந்நாடாவின் ஒரு பகுதி ஒலிக்கிறது. நடிகையின் குரலன்று, அவருடைய குரலே. மனப்புண்ணால் வருந்துபவரின் குரலாக அது கேட்கவில்லை. தம் நூலின் ஒவ்வொரு சொல்லையும் அறிந்த ஒருவரின் உறுதியே அதில் கேட்கிறது. படம் முடிந்ததென்று பலர் எழுந்து செல்லும் வேளை அது.

ஆசிரிய நண்பர்கள் இப்படத்தைக் காண்க, மாணவர்க்கும் காட்டுக. பெயர்கள் ஓடி முடியும்வரை அவர்களை இருக்கையில் இருத்துக. மறுநாள் வகுப்பில் இரட்டையர் வரும் பகுதியைத் தமிழில் சொல்லிக் காட்டுக. பேங்க்சை மீட்டவர் யார் என்னும் வினாவுக்குப் பிள்ளைகளே விடை காணட்டும்.