மருந்து அதிகாரமும் மெலிந்த உடலும்

திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய 'மருந்து' வகுப்பறையிற் பெரும்பாலும் ஒரே பொருளில் உரைக்கப்படுகிறது: குறைத்துண்டால் உடல் மெலியும், மெலிந்தால் நோய் அணுகாது. ஒல்லியானவர்க்கு இனிப்புநீர் வாராது என்று புக்கிட் ரம்பாய் முதலிய மலாக்கா ஊர்களிற் பேசுவோரும் வள்ளுவரைத் துணைக்கு அழைக்கலாம். வள்ளுவர் அத்துணை தருகிறாரா என்பதே கேள்வி.

முதற்குறள் நோயின் காரணம் கூறும். அடுத்த ஆறும் உண்ணும் முறை கூறும். இறுதி மூன்றும் மருத்துவம் பற்றியன. பருத்தல், மெலிதல் என்னும் பேச்சு எக்குறளிலும் இல்லை. ஐந்து முறை வருவது 'அளவு' என்னும் சொல். ஒருகால் அது உணவின் அளவு. ஒருகால் வயிற்றுத்தீயின் அளவு. இருகால் நோயின் அளவு. ஒருகால் நோயாளியின் அளவு. நோயாளியின் அளவை இயல்பு, பருவம், வேதனை, வலிமை எனப் பரிமேலழகர் விரிப்பார். மிகவுண்பவனை வள்ளுவர் கண்டிக்கவில்லையோ எனின், கண்டிக்கிறார். ஆயின் அவன் பிழை, தன் வயிற்றுத்தீயின் அளவை அறியாமை. மேலும், மிகுதியோடு குறைவையும் நோய்க்குக் காரணமாக முதற்குறளே வைத்துவிட்டது.

இன்றைய மருத்துவமும் இவ்விடத்தில் தராசை மட்டும் நம்புவதில்லை. 2004இல் 'லான்செட்' இதழில் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் தம்மையே சான்றாகக் காட்டினர். உயரத்தையும் எடையையும் கொண்டு கணிக்கும் உடல் நிறைக் குறியீடு இருவர்க்கும் 22.3. உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. அதே ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, பொதுவில் 25 என்றிருந்த எச்சரிக்கை எல்லைக்கு முன்னரே, ஆசியர்க்கு 23 முதற் கவனம் வேண்டுமென்றது.

மலேசியாவின் 2019ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வு, வயதுவந்தோருள் 18.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு உண்டெனக் கண்டது. இந்தியரிடையே அது இன்னும் மிகுதி.

பருமன் தீங்கற்றது என்பது இதன் முடிபன்று. வயிற்றிற் சேரும் கொழுப்பு கேடே. எனினும், மெலிவு நலத்துக்கு நற்சான்றாகாது. விடியுமுன் பால்வெட்டுக்கு நடந்த பாட்டன் உண்ட சோறும், நாற்காலியில் அமர்ந்திருக்கும் பேரன் உண்ணும் அதே சோறும் ஓரளவின ஆகா.

'குறைத்துண்க' என்பதோடு பாடத்தை முடிக்கும் ஆசிரியர், மாணவன் வீட்டிலுள்ள மெலிந்த தந்தைக்கு, இரத்தப் பரிசோதனைக்குப் போகாமலிருக்க ஒரு சாக்கையும் தந்துவிடுகிறார். 'அளவு' என்னும் சொல்லை ஐந்திடத்தும் நிறுத்திப் பொருள் சொன்னால், அச்சாக்குக்கு இடமிராது.