காட்டுப்பாக்கத்தில் மைனஸ் 40 டிகிரி

மே மாத உச்சி வெயிலில், காட்டுப்பாக்கத்துப் பட்டறையில் நிற்கும் ஒரு பழைய காரில் ஸ்கேனரைச் செருகினால், எஞ்சினுக்குள் போகும் காற்றின் வெப்பம் மைனஸ் 40 டிகிரி என்று காட்டக்கூடும். டேஷ்போர்டில் செக் எஞ்சின் விளக்கு எரிகிறது. விழுந்திருக்கும் எரர் கோடு பி0113. சென்சார் போய்விட்டது, மாற்றிவிடலாம் என்பது கைக்கெட்டும் முடிவு. நல்ல மெக்கானிக் அங்கே நிதானிக்கிறார். அந்தச் சென்சாருக்குப் போகும் ஒயரில் கம்ப்யூட்டர் 5 வோல்ட் அனுப்புகிறது. சூடு ஏற ஏற சென்சாரின் மின்தடை குறையும், வோல்டேஜும் இறங்கும். இணைப்பு எங்கே அறுந்தாலும் 5 வோல்ட் அப்படியே நிற்கும். அதைக் கம்ப்யூட்டர் கடுங்குளிர் என்று எடுத்துக்கொள்ளும். ஆக, கோடு சொல்வது வோல்டேஜ் இறங்கவில்லை என்பதை மட்டுமே. அவர் கனெக்டரைக் கழற்றி இரண்டு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைக்கிறார். திரையில் எண் மறுகோடிக்கு, கொதிக்கும் சூட்டுக்குத் தாவினால் ஒயரும் கம்ப்யூட்டரும் சரி, சென்சார்தான் குற்றவாளி. மைனஸ் 40-லேயே நின்றால் எத்தனை புதுச் சென்சார் போட்டாலும் பயனில்லை. கம்பியின் எர்த் பக்க முனையை மட்டும் பாடி எர்த்துக்கு மாற்றி வைக்கிறார். இப்போது எண் தாவினால் சென்சாரின் எர்த் ஒயர் அறுந்திருக்கிறது. செலவு ஒரு துண்டுக் கம்பி, நேரம் ஒரு நிமிடம். ஒரு பொருளைக்கூட மாற்றாமல் மூன்று சந்தேகங்களைத் தீர்த்துவைக்கும் இந்தச் சிக்கனத்தில் ஓர் அழகு இருக்கிறது. அது கலையின் அழகுதான் என்பது என் கட்சி.

மவுண்ட் - பூந்தமல்லி சாலையை ஒட்டிய இந்தப் பகுதி அந்தக் கலைக்குத் தோதான இடம். மேற்கே இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் தொடங்கி 2014 வரை உருண்டு வந்த பழைய சான்ட்ரோக்கள் இன்னும் ஓடுகின்றன. மறைமலைநகரில் பிறந்த ஃபோர்டு ஐகான்களும் ஃபிகோக்களும் 2022-இல் அங்கே கார் உற்பத்தி நின்றபின் ஊர்ப் பட்டறைகளுக்கும் வருகின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயல் மழையையும் இந்த வண்டிகளில் பல பார்த்துவிட்டன. தண்ணீர் வடிந்து காய்ந்த பிறகும் கனெக்டருக்குள் பச்சை பூத்துக்கொண்டே இருக்கும். வருஷங்கள் கழித்து ஒரு நாள் விளக்கு எரியும். அத்தகைய கோளாறில் மல்டிமீட்டரே ஏமாற்றும். பத்து இழைகளில் ஒன்பது அரித்துப்போன எர்த் ஒயரிலும் ஓம் அளவு பூஜ்யத்தை ஒட்டியே காட்டும். மின்சாரம் நிஜமாக ஓடும்போதுதான் அந்த ஒற்றை இழை திணறும். அதனால் கைதேர்ந்தவர் எஞ்சின் ஓடும்போது, லோடு இருக்கும்போது, எர்த்தின் இரு முனைகளுக்கும் நடுவே வோல்டேஜ் விழுகிறதா என்று பார்க்கிறார். ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு வரை போனால் போகட்டும். அதைத் தாண்டினால் அந்த எர்த்தைத் தேடிப் போகவேண்டியதுதான்.

கோடுகளுக்கும் வயதுண்டு. பழைய சுசுகி வண்டிகளில் கப்ளரின் இரண்டு முனைகளைக் கம்பியால் இணைத்தால் விளக்கே மின்னி எண் சொல்லும்: ஒரு மின்னல், சிறு இடைவெளி, இரண்டு மின்னல் என்றால் 12, அதாவது கோளாறு இல்லை. அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து கட்டாயமான ஓ.பி.டி.-2 முறை இந்தியாவில் 2013 ஏப்ரலில்தான் கட்டாயமாயிற்று. அதன் பெரிய கொடை ஃப்ரீஸ் ஃப்ரேம். கோடு விழுந்த நொடியில் வண்டி எந்த வேகத்தில் போனது, எஞ்சின் எவ்வளவு சூடாக இருந்தது, எவ்வளவு லோடு இழுத்தது என்று கம்ப்யூட்டர் எழுதிவைத்த குறிப்பு அது. வண்டி வந்ததும் முதல் வேலையாகக் கோடை அழிப்பவர் இந்தக் குறிப்பையும் சேர்த்து அழிக்கிறார். ஒரு மெக்கானிக்கின் தரத்தை அறிய நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

என் வாதத்துக்கு முழுச் சான்று பி0171 என்ற கோடு. கலவையில் பெட்ரோல் போதவில்லை என்பது இதன் பொருள். புகைக்குழாயிலுள்ள ஆக்சிஜன் சென்சார் மிச்ச ஆக்சிஜனை முகர்ந்து சொல்ல, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் சரிக்கட்டுகிறது. அந்தச் சரிக்கட்டலின் அளவுதான் ஃபியூயல் ட்ரிம். பத்து சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. இருபது, இருபத்தைந்தை ஒட்டும்போது பெரும்பாலான வண்டிகளில் விளக்கு எரியும். இப்போது ட்ரிம் எண்ணை இரண்டு நிலைகளில் படிக்கவேண்டும். ஐட்லிங்கில் எகிறி, 2,500 ஆர்.பி.எம்.மில் அடங்கிவிட்டால் எங்கோ ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்துக் காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது. ஐட்லிங்கில் ஒழுங்காக இருந்து, மேம்பாலம் ஏறும்போது எகிறினால் பெட்ரோல் பம்போ ஃபில்டரோ சோர்ந்துவிட்டது. ஆனால் இந்தப் பாடம் டொயோட்டா கரோலா போல, உள்ளே போகும் காற்றை நேரடியாக அளக்கும் வண்டிகளுக்குத்தான் சரிவரும். மேனிஃபோல்டின் அழுத்தத்தை வைத்துக் காற்றைக் கணக்கிடும் சின்னக் கார்களில் திருட்டுக் காற்றும் அழுத்தத்தைக் கூட்டிவிடும். கம்ப்யூட்டர் அதற்கும் சேர்த்தே பெட்ரோல் தரும். விளக்கு எரியாமல் ஐட்லிங் மட்டும் ஏறி நிற்கும். அங்கே பி0171 விழுந்தால் ஹோஸைத் தேடிப் பொழுதைக் கழிக்காமல் பெட்ரோல் பிரஷரை அளக்கவேண்டும், சைலன்சர் பக்கம் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். சென்சாருக்கு முன்னால் சிறு விரிசல் இருந்தால்கூட வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, கலவை சரியாக இருந்தும் சென்சார் பொய்யான தகவல் தரும். ஒரே கோடு, இரண்டு வண்டி, நேரெதிரான இரண்டு தேடல்.

இதில் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் வேறு சேர்ந்திருக்கிறது. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் முழுதாய் எரிய ஒரு பங்கு எரிபொருளுக்கு வேண்டிய காற்று குறையும்: வெறும் பெட்ரோலுக்கு 14.7 பங்கு, 10 சதவீதக் கலப்புக்கு ஏறக்குறைய 14.1, 20 சதவீதக் கலப்புக்கு 13.5. அதாவது பழைய கலப்பிலிருந்து புதியதற்கு மாறும்போது கம்ப்யூட்டர் நான்கைந்து சதவீதம் கூடுதலாக ஊற்றியாகவேண்டும். சோர்ந்த பம்பினால் ட்ரிம் ஏற்கெனவே 15-இல் நின்ற வண்டியை இந்த நான்கைந்து சதவீதம் விளக்கு எரியும் எல்லைக்குக் கொண்டுபோய்விடும். பங்கில் போட்ட பெட்ரோல்தான் காரணம் என்பவரும் பாதி சரி, பம்ப்தான் என்பவரும் பாதி சரி. கூட்டுத்தொகையைப் பிரித்து யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லத் தெரிந்தவர் மட்டுமே முழுக்கச் சரி.

போனில் ஆப் இருக்கிறது, மலிவான ப்ளூடூத் கருவி இருக்கிறது, இதற்கெல்லாம் ஆள் எதற்கு என்று கேட்கலாம். அந்தக் கருவி எண்களை எல்லோர் கைக்கும் கொண்டுவந்தது நல்லதே. ஆனால் ஆப் தரும் காரணப் பட்டியல் அந்தந்தக் கோடுக்குப் பொதுவானது. உங்கள் வண்டியில் எலி கடித்த ஒயர் அதற்குத் தெரியாது. இதைவிடக் கனமான ஆட்சேபம் பணத்தைப் பற்றியது. புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் சென்சார் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்போது ஒரு மணி நேரம் சோதனை எதற்கு, போட்டுப் பார்த்துவிடலாமே? மலிவான, எளிதில் கழற்றக்கூடிய பொருளுக்கு இதை ஒப்புக்கொள்கிறேன். இருக்கும் பொருட்களையே இடம் மாற்றிப் பார்ப்பது இன்னும் மேல்: ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி காயில் உள்ள எஞ்சினில் பி0301 விழுந்தால், முதல் காயிலை மூன்றாவதற்கு மாற்றிப் போட்டால் போதும், கோடு பி0303 ஆனால் காயில் தானே மாட்டிக்கொள்ளும். ஆனால் வயதான காருக்குக் கிடைக்கும் பாகங்களில் போலிகளும் ஏற்கெனவே களைத்தவையும் கலந்தே வரும். போட்ட பாகமும் கெட்டதாக இருந்தால் ஒரு கோளாறு இரண்டாகிறது. நல்ல சென்சாரை நிரபராதி என்று விடுவிக்கும் வழியும் அடைபடுகிறது. கார்புரேட்டர் காலத்து உஸ்தாத் காதாலேயே கண்டுபிடிப்பார், இந்த எண் விளையாட்டு கலையாகுமா என்பவர்களுக்கு, ஏறி நிற்கும் ஐட்லிங்கையும் ஹோஸின் சீறலையும் இன்றைக்கும் காதுதான் முதலில் பிடிக்கிறது என்பேன். காது சொன்னதை எண்ணால் உறுதிசெய்ய இப்போது வழி கூடியிருக்கிறது, அவ்வளவே.

இந்தக் கலை மெலிவதற்குக் காரணம் மெக்கானிக்கின் சோம்பல் என்று சொல்லமாட்டேன். பில்லில் பாகத்துக்கு ஒரு வரி உண்டு, கழற்றி மாட்டும் கூலிக்கு ஒரு வரி உண்டு, யோசித்ததற்கு வரி கிடையாது. இருபது ரூபாய் எர்த் லக்கைக் கண்டுபிடிக்க அரை நாள் செலவழித்தவருக்கு இருபது ரூபாய் வேலைக்கான கூலியையே நீட்டுகிறோம். அடுத்த வண்டிக்கு அவர் சென்சாரை மாற்றிவிட்டுப் போவதில் வியப்பில்லை. வண்டிக்காரர் சோதனைக்கென்று தனிக் கூலி பேசிவிட்டு, இரண்டு எண்களைக் கேட்டு வாங்கலாம்: கை வைப்பதற்கு முன் ட்ரிம் எவ்வளவு, வேலை முடித்து அதே ரோட்டில் ஓட்டியபின் எவ்வளவு. 22-இல் இருந்தது 3-க்கு வந்திருந்தால் பேசிய கூலியைக் குறைக்காமல் கொடுத்துவிட்டு வரலாம்.