முறுக்கு மீசைக்குள் ஒரு முகம்

பாஞ்சாலங்குறிச்சிப் போர்களில் மாண்ட ஆங்கிலேய அதிகாரிகளுக்கு அந்த மண்ணிலேயே கல்லறை உண்டு. கல்லில் பெயரும் உண்டு. எதிர்த்து நின்றவர்களுக்கு மிஞ்சியதோ இடித்துத் தரைமட்டமாக்கப்பட்ட கோட்டை. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் கட்டபொம்மனை நேரில் பார்த்து வரைந்ததென்று உறுதியாகச் சொல்லத்தக்க படம் எதுவும் நம்மிடம் இல்லை. 1959இல் வந்த திரைப்படம், அதில் நடித்த சிவாஜி கணேசனே கயத்தாற்றில் எழுப்பிய சிலை, 1974இல் அரசு கட்டிய நினைவுக்கோட்டை, 1999இல் வந்த அஞ்சல்தலை என்று பிற்காலம்தான் அவருக்கு உருவம் கொடுத்தது. இதை வெறும் கற்பனை என்று தள்ளுவது நியாயமல்ல. வென்றவன் அழித்த தடத்தைத் தோற்றவனின் பேரப்பிள்ளைகள் மீட்டெடுத்த செயல் இது.

ஆனால் மீட்ட கையே ஒன்றை மறைத்தும் விட்டது. தலைப்பாகை, முறுக்கு மீசை, விரிந்த மார்பு, உருவிய வாள் என ஓர் அச்சு உருவாகி, பாளையக்காரர் எல்லாரையும் அதிலேயே வார்க்கிறோம். இதனால் அதிகம் இழந்தவர் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை. 1801 போரில் எதிரணியில் நின்ற ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், 1830இல் வெளியான தன் நினைவு நூலில் அவரை உயரமான, ஒல்லியான, நோயாளி போலத் தோன்றும் இளைஞர் என்கிறார். வாய் பேச இயலாத அவரின் சைகைக்கே வீரர்கள் கட்டுப்பட்டதையும் வியந்து எழுதுகிறார். பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிவந்து, இடிந்த கோட்டையைச் சில நாள்களில் எழுப்பியவர் அந்த மெலிந்த மனிதர்தான். அவருக்குப் பயில்வான் உடலைச் செதுக்கினால், வியப்பதற்குரியதையே உளியால் தட்டிவிடுகிறோம்.

வேணுகோபால் சர்மா வரைந்த திருவள்ளுவரும் கற்பனைதானே என்று கேட்கலாம். வள்ளுவரின் தோற்றம்பற்றி நேரில் கண்டவர் குறிப்பு எதுவும் இல்லை. அங்கே கற்பனை வெற்றிடத்தை நிரப்பியது. ஊமைத்துரை விஷயத்தில் அது இருக்கும் சான்றின்மேல் ஏறி உட்கார்கிறது. முகமில்லாமல் மக்கள் எப்படி நினைவில் வைப்பார்கள் என்பது அடுத்த கேள்வி. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த பழைய நடுகற்களில் வீரனின் உருவமே கிடையாது. ஆநிரை கவரும் ஆகோள் பூசலில் இறந்தவனைப் பற்றிய சில தமிழி (தமிழ் பிராமி) எழுத்துகளே அவனை இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சுமந்து நிற்கின்றன.

ஆகவே சிலைகளை அகற்ற வேண்டாம். உருவம் கற்பனையென்று பீடத்தில் ஒரு வரி பொறித்து, கண்டவர் எழுதியதையும் பக்கத்தில் வெட்டிவைத்தால் போதும். ஊமைத்துரையை இனிமேல் செதுக்குபவர், ஒல்லியாகவே செதுக்கட்டும்.