கடைசி அத்தியாயத்து மனிதர்

புதுச்சேரிக் கடற்கரைச் சாலைக்கு எதுவார் குபேரின் பெயர். பெரிய மார்க்கெட்டுக்கும் அவர் பெயர்தான். யார் அவர் என்று கேட்டால், "விடுதலைக்குப் பாடுபட்டவர்" என்பார்கள். பொய்யில்லை, ஆனால் பாதிக் கதை. கடைசி அத்தியாயத்தை மட்டும் படித்துவிட்டு நாவலுக்கு அபிப்பிராயம் சொல்கிறவரை, நாவல் எழுதுகிற நான் எப்படி ஒப்புக்கொள்வது?

முன் அத்தியாயங்களைப் பார்ப்போம். பிரெஞ்சிந்திய சோஷலிஸ்டுக் கட்சித் தலைவராகப் பிரெஞ்சு ஆட்சிக்குத் தூணாக நின்றவர் குபேர். 1951இல் பாரிஸ் பார்லிமெண்டுக்கு அங்கத்தினராகப் போனார். 1954 மார்ச்சில் அவரே இந்தியாவோடு இணைய வேண்டும் என்றார். நெட்டப்பாக்கத்தில் தாற்காலிக அரசும் அமைத்தார். அதே மார்ச்சில்தான் வியத்நாமில் தியன் பியன் பூ முற்றுகை தொடங்கியது. அக்டோபரில் கீழூரில் 178 பிரதிநிதிகளில் 170 பேர் இணைப்பை ஆதரித்தார்கள். நவம்பர் 1ஆம் தேதி ஆட்சி கைமாறியது. 1963இல் குபேர் முதலமைச்சர்.

"மனசுக்குள் அவர் எப்போதும் நம்மவர்தான், சமயம் பார்த்திருந்தார்" என்று சொல்பவர்களைக் கேட்டிருக்கிறேன். இந்தச் சமாதானம் யாருக்கு வேண்டியிருக்கிறது?

ஜெர்மனியைப் பாருங்கள். ஹிட்லரின் ஆயுத மந்திரி ஆல்பர்ட் ஸ்பேர், 20 வருஷச் சிறைவாசம் முடிந்து 1966இல் வெளியே வந்தார். யூதப் படுகொலை தமக்குத் தெரியாது என்றார். 1969இல் வந்த அவருடைய நினைவுக் குறிப்புகளை ஜனங்கள் ஆவலாக வாங்கினார்கள். மந்திரிக்கே தெரியாதென்றால் சாமானியனுக்கு எப்படித் தெரியும்? அந்த நிம்மதிதான் புத்தகத்தோடு சேர்ந்து விற்றது. பிற்பாடு ஆவணங்கள் அவரைப் பொய்யராக்கின.

குபேர் ஸ்பேர் அல்லர். இருவர் செய்கைகளையும் ஒரே தராசில் வைப்பது அநியாயம். வாசகர்களின் தேவை மட்டும் ஒன்றுதான். குபேர் எப்போதும் நம்மவர் என்றால், அவர் பின்னால் போன ஊரும் எப்போதும் சரியாகவே இருந்ததாகிவிடும் அல்லவா?

இதில் நஷ்டப்படுகிறவர்கள் வேறு சிலர். 1936 ஜூலை 30ஆம் தேதி பிரெஞ்சுப் போலீசின் துப்பாக்கிக்கு 12 மில் தொழிலாளிகள் பலியானார்கள். அந்தத் தொழிலாளிகளை ஒன்று திரட்டியவர் வ. சுப்பையா. அவர் பெயரிலும் புதுச்சேரியில் ஒரு சாலை உண்டு. இரண்டு பெயர்ப் பலகைகளையும் பார்க்கிற வெளியூர்க்காரர், இருவரும் தோளோடு தோள் நின்றவர்கள் என்றே நினைப்பார்.

பலகையை எடுக்கச் சொல்லவில்லை. மனிதன் மாறலாம்; குபேர் மாறியதால் இணைப்புச் சுலபமாயிற்று. ஆனால் எதிலிருந்து மாறினார் என்பதை மறைத்தால், மாறியதற்கே அர்த்தமில்லை. 1951இல் தொடங்கி அவரைப் பற்றி யாராவது நாவல் எழுதினால், முதல் பிரதியை நான் வாங்குவேன்.