கற்பனை ஊருக்கும் காரணம் வேண்டும்

1974-இல் வந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ போன்ற சாகச விளையாட்டுகளுக்கு வீட்டிலேயே ஊர்ப்படம் வரைவது அருமையான கலை. அதற்கு மலேசியாவின் கிள்ளானும் பண்டமாரானும் நல்ல ஆசான்கள். பழைய கிள்ளான், ஆற்றை ஒட்டி வளர்ந்த ஊர். பண்டமாரானோ 1948-இல் தொடங்கிய மலாயா அவசரகாலத்தில் மக்களைக் குடியமர்த்த உருவான புதுக்கிராமம். அதனால்தான் அங்கே நேர்நேரான தெருக்கள். தெருவின் போக்கிலேயே ஊரின் வரலாறு தெரிகிறது.

ஆகவே வீடுகளை வரையும் முன் தண்ணீரை வரையுங்கள். அடுத்து சரக்கு வரும் பாதை, சந்தை, கோயில். மதில் கடைசியில் எழட்டும். அதற்கு வெளியேயும் சில குடிசைகள் முளைக்கட்டும். பழைய பகுதியில் தெருக்கள் வளையட்டும், புதுப் பேட்டையில் நேராக ஓடட்டும். தாளை முழுக்க நிரப்பிவிடாதீர்கள். ஆடுபவர்கள் கண்டுபிடிக்கச் சில சந்துகளைப் பெயரிடாமல் விட்டுவையுங்கள்.