இல்லாததைக் கேட்கும் வரி

சாரல் காலத்தில் சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி வயல்களுக்குப் படமெடுக்க வராத ஆளில்லை. 1992இல் வந்த ‘ரோஜா’ படத்தின் நாயகிக்குச் சொந்த ஊரே இதுதான். அக்கம்பக்கத்துச் சிற்றூர்களுக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை. அவற்றில் எவற்றுக்கு விக்கித்தரவு என்ற திறந்த தரவுத்தளத்தில் ஒரு படம்கூட ஏறவில்லை? ஸ்பார்க்கிள் என்ற வினவல் மொழியை நான் ரசிக்கத் தொடங்கியது இப்படியான கேள்விகளில்தான்.

2008 ஜனவரியில் வந்த அதன் முதல் தரநிலையில் இல்லாததைக் கேட்க நேர்வழி கிடையாது. படம் இருந்தால் கொடு, இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று ‘ஆப்ஷனல்’ போட்டுக் கேட்க வேண்டும்; பிறகு படத்துக்கான இடம் காலியாக வந்த ஊர்களை மட்டும் ‘பவுண்ட்’ சோதனையால் வடிகட்ட வேண்டும். கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் படிக்கிறவருக்கு நோக்கம் சட்டென்று பிடிபடாது. 2013 மார்ச்சில் 1.1 பதிப்பு ‘ஃபில்டர் நாட் எக்ஸிஸ்ட்ஸ்’ கொண்டுவந்தது. இப்போது சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: தென்காசி மாவட்டத்து ஊர், அதற்கு பி18 இல்லை. (படத்துக்கான பண்பின் எண் அது.)

கூடவே ‘மைனஸ்’ என்ற கழித்தலும் வந்தது. பெரும்பாலும் இரண்டும் ஒரே விடையைத்தான் தரும். ஆனால் இரு பக்கத்துக்கும் பொதுவான மாறி ஒன்றுகூட இல்லையென்றால், மைனஸ் எதையும் கழிக்காமல் முழுப் பட்டியலையும் நீட்டிவிடும். பிழை என்று ஒரு வார்த்தை சொல்லாது. எனக்கு நாட் எக்ஸிஸ்ட்ஸ்தான் பிடிக்கும். ஒவ்வொரு ஊராக நிறுத்தி விசாரிக்கும் நிதானம் அதற்கு உண்டு.

அதன் கண்ணுக்கும் தப்புகிறவை உண்டு. தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 22இல். பதிவில் இன்னும் திருநெல்வேலி என்றே நிற்கும் ஊர், படமில்லாதவை பட்டியலில்கூட வராது. முதல் நிபந்தனையிலேயே கழன்றுவிடும். சரி, மாவட்டத்தை விட்டுவிட்டு, தென்காசியிலிருந்து 15 கிலோமீட்டருக்குள் என்று கேட்கலாம். அப்போது அமைவிடம், அதாவது பி625, பதியாத ஊர் விட்டுப்போகும். இரண்டையும் ‘யூனியன்’ போட்டு இணைத்தாலும் ஒரு வகை மிஞ்சுகிறது: பழைய மாவட்டப் பெயரோடு, அமைவிடமும் இல்லாதவை. அவற்றைப் பிடிக்கவும் அதே வரிதான் உதவுகிறது: திருநெல்வேலி மாவட்டம் என்று இருந்து, பி625 இல்லாத ஊர்கள் எவை? அதில் வரும் பெயர்களில் எது தென்காசிப் பக்கம் என்று பார்த்துச் சொல்ல அந்த வட்டாரத்து ஆள் ஒருவர் வேண்டும்.