கிரஹாம் கிரீனும் பிடிக்காத ஊரும்

மெக்சிகோ பற்றிய பயண எழுத்து பெரும்பாலும் ஒரே அச்சுதான்: கடற்கரை நகரம், ஸ்பானியர் காலத்துத் தேவாலயம், சதுக்கத்தில் ஒரு காபி. கிரஹாம் கிரீனின் 'த லாலெஸ் ரோட்ஸ்' (1939) இதற்கு நேரெதிர். ஊர் பிடிக்கவில்லை என்பதை மறைக்காத புத்தகம்.

கத்தோலிக்கர்கள் மீதான ஒடுக்குமுறையைப் பற்றி எழுத 1938-ல் போகிறார். வெராக்ரூஸ் துறைமுகத்திலிருந்து ஒரு ஓட்டைக் கப்பலில் ஃப்ரொந்தேரா, ஆற்றுவழியே வில்லாஎர்மோசா, பிறகு பாலென்கே வழியாக, கடைசியில் கோவேறு கழுதையில் மலையேறி சான் கிறிஸ்தோபல்.

கண் அபாரமான கண். வில்லாஎர்மோசாவில் பேராலயம் இருந்த இடத்தில் குழந்தைகள் விளையாட்டுத் திடல், ஊஞ்சல்கள். டபாஸ்கோ ஆளுநராக இருந்த கரீதோ கனாபால் தேவாலயங்களை இடித்துத் தள்ளிய கதையை அந்த ஊஞ்சலே சொல்லிவிடுகிறது.

ஆனா ஒரு கேள்வியை அவர் வழியில் யாரிடமும் சரியாகக் கேட்கவில்லை: திருச்சபை மீது ஏன் இவ்வளவு கோபம்? 300 வருஷ ஸ்பானிய ஆட்சியில் சபை அதிகாரத்தின் பக்கம் இருந்தது, ஏராளமான நிலம் வைத்திருந்தது. இதெல்லாம் புத்தகத்தில் மங்கலாகத்தான் இருக்கு. இன்னொன்று, 1938 மார்ச் 18-ல் அதிபர் கார்தெனாஸ் எண்ணெய்க் கம்பெனிகளை நாட்டுடைமையாக்கினார். பிரிட்டிஷ் முதலீட்டுக்கு அது பெரிய அடி. அந்த நேரத்தில் ஒரு ஆங்கிலேயர், அதுவும் அரைகுறை ஸ்பானிஷோடு, ஊர் ஊராகப் போகிறார். தன்மீது விழுந்த முறைப்பை ஜனங்களின் குணம் என்றே பல இடங்களில் எழுதிவிடுகிறார். இங்கேதான் பயணி தோற்கிறார் என்பது என் எண்ணம்.

வேடிக்கை என்னன்னா, இதற்குப் பதில் அவரே எழுதினார். 1940-ல் வந்த 'த பவர் அண்ட் த குளோரி' நாவலிலும் அதே துறைமுகம், அதே புழுக்கம், பயணத்தில் சந்தித்த பல் டாக்டரின் சாயலில் ஒரு பாத்திரம்கூட உண்டு. ஆனா குடிகாரப் பாதிரியாரைத் துரத்தும் லெப்டினன்ட் வெறும் வில்லன் இல்லை. சின்ன வயசில் பார்த்த வறுமையும், ஏழைகளிடம் காசு வாங்கிய சபையும் அவன் கோபத்துக்குக் காரணங்கள். அப்படி ஒரு நேர்மையான போலீஸ்காரரை அங்கே பார்க்கவில்லை, தானே உருவாக்கியது என்று கிரீன் பிற்பாடு எழுதியிருக்கிறார். பயணத்தில் கேட்காமல் விட்ட பதிலைக் கற்பனையில்தான் பிடிக்க முடிந்திருக்கிறது.

அதனால் இரண்டையும் படிங்க, பயண நூலை முதலில். நாவலை மட்டும் படித்தால் அந்த லெப்டினன்ட் எவ்வளவு தூரம் கடந்து வந்தவன் என்பது தெரியாது.